ரெங்கசாமி புறாக்கூட்டுக்கு வைத்த காவல்

ரெங்கசாமி ஒரு பொருளை வாங்கினால், அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அதற்கு ஓர் உறை வாங்கிவிடுவார். அவருடைய போனுக்கு மூன்று உறை. மூன்றையும் விலக்கி அவர் "ஹலோ" சொல்வதற்குள், கூப்பிட்டவர் வேலையை வேறு யாரிடமாவது சொல்லி முடித்திருப்பார். ரிமோட்டுக்குப் பொலித்தீன். புதுக் கதிரை கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பொலித்தீனை ஆறு வருடமாகியும் கழற்றவில்லை, விருந்தாளி அசைந்தால் சரசரவென்று சத்தம் வரும். மகள் விதுஷாவுக்குப் பத்து வயதில் வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்கு இரண்டு பூட்டும் ஒரு சங்கிலியும் போட்டு, வீட்டுக்குள் நிறுத்திவைத்தார். அந்தச் சைக்கிள் களவு போகவேயில்லை. விதுஷா சைக்கிள் ஓட்டப் பழகவும் இல்லை.

ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மேல்பிரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைகளில் கடைசி லயம், அதில் கடைசிக் காம்பரா அவருடையது. வயது ஐம்பத்தொன்று. அப்பாவும் அம்மாவும் காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் கொழுந்து மலையில் நின்றவர்கள். இவருக்கு அது ஒத்துவரவில்லை. பதினேழு வயதில் ஒரு மரக்கறி லொறியில் கிளீனராக ஏறியவர், பிறகு டிரைவர் ஆசனத்துக்கு மாறினாரே தவிர லொறியை விட்டு இறங்கவில்லை. வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி, தம்புள்ளை சந்தையில் இறக்க வேண்டும். வாரத்துக்கு நாலு நடை. இத்தனை வருடத்தில் ஒரு விபத்துக்கூட இல்லை. அவர் ஓட்டுகிற வேகத்துக்கு விபத்துத்தான் ஓடிவந்து அவரைப் பிடிக்க வேண்டும் என்று லொறி முதலாளி சொல்வார். ரெங்கசாமி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. விதுஷாவுக்கு நாலு வயதிருக்கும்போது, தீபாவளிச் சாமான் வாங்கப் பதுளைக்குப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் அவர் கையிலிருந்து அவள் நழுவிவிட்டாள். அரை மணித்தியாலம் தேடினார். கடைசியில் ஒரு வாழைப்பழக் கடையில், கடைக்காரருக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து, மூன்றாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதது ரெங்கசாமிதான். நடு பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். அன்று முதல் பூட்டுக் கடைக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது.

இப்படிப்பட்ட மனிதர் பந்தயப் புறா வளர்க்கப் போனது எப்படி என்று லயத்தில் இன்றைக்கும் கேட்பார்கள். அதற்குக் காரணம் ஹுமைத் நானா. பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருப்பவர், துணியை விடப் புறாவைப் பற்றி அதிகம் பேசுபவர். ஒரு நாள் லொறியை மறித்து ஒரு பிரம்புக் கூடையை ஏற்றினார்.

"ரெங்கசாமி, மஹியங்கனை தாண்டித்தானே போறீங்க. ஒரு வெட்டவெளியாப் பாத்து இந்தக் கூடையத் தொறந்து உட்டுட்டுப் போங்க."

ரெங்கசாமி வயலோரமாக லொறியை நிறுத்திக் கூடையைத் திறந்தார். பன்னிரண்டு புறாக்கள் கிளம்பி, தலைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்து மறைந்தன. உடனே போனை எடுத்தார். சாவுச் செய்தி சொல்கிற குரலில், "நானா, அவ்வளவும் போயிருச்சுங்க" என்றார்.

"போவல்ல, வருது" என்று ஹுமைத் நானா சிரித்தார்.

முக்கால் மணித்தியாலத்தில் பன்னிரண்டும் பதுளையில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. ரெங்கசாமி நம்பவில்லை. தனக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்தார். அடுத்த தடவை ஒவ்வொரு புறாவின் கால் வளையத்தையும் படம் எடுத்துக்கொண்டு திறந்துவிட்டார். திரும்பும் வழியில் பதுளையில் இறங்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. கதவைத் திறந்து வெளியே விட்டால் தானாகவே வீடு வந்து சேரும் ஓர் உயிர் உலகத்தில் இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் அதையே பேசினார். ஆறு மாதம் கூடை சுமந்ததற்கு அன்பளிப்பாக ஹுமைத் நானா எட்டுக் குஞ்சுகள் தருவதாகச் சொன்னபோது, குஞ்சு வருவதற்கு முன்னால் கூடு கட்டி முடிக்க வேண்டும் என்று குதித்தார்.

லயத்துக்குப் பின்னால் மனைவி நிரஞ்சலா போஞ்சி போட்டிருந்த துண்டு நிலத்தில்தான் கூடு எழுந்தது. போஞ்சிக்கொடியைப் பிடுங்க விட்டதற்குப் பதிலாக, வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்காட்டும் உரிமையை நிரஞ்சலா எடுத்துக்கொண்டாள்.

நாலு சவுக்கு மரக் கால்கள். எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த எண்ணெய் டின். எறும்புக்கு லொறியிலிருந்து வடித்த பழைய ஒயில். பாம்பு நுழையாமலிருக்கப் பொடிக்கண் கம்பி வலை, அந்த வலையை யாராவது வெட்டினால் என்ன செய்வது என்று அதற்கு மேல் இன்னொரு வலை. மரநாய்க்காகச் சுற்றிவர முள்வேலி. கச்சான் காற்றுக் காலத்தில் தகரம் பறந்துவிடாதபடி கூரையில் பதினாறு கல். பனிக்கு நாலு பக்கமும் சாக்கு. மூன்று பூட்டு. நிரஞ்சலா மண்வெட்டியை எடுக்க அந்தப் பக்கம் போய் மூன்று தடவை சேலையைக் கிழித்துக்கொண்டாள். கூடு கட்டி முடிந்தபோது அதில் எல்லாம் இருந்தன, புறா உள்ளே வருவதற்கு வழி மட்டும் இல்லை.

குஞ்சுகளைக் கொண்டுவந்த ஹுமைத் நானா கூட்டை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"ரெங்கசாமி, இது கூடா, ஜெயிலா?"

"பாதுகாப்பு வேணுமேங்க நானா."

"மரநாய் உள்ள வராது, சரி. காத்தும் வரல்லியே. மனுசன் இரிந்தாலே மூச்சு முட்டும்."

அவரே சாக்குகளை உருவிப்போட்டு, முன்பக்க வலையில் ஒரு சதுரம் வெட்டி, வெளியே புறா வந்து இறங்க ஒரு பலகையும், வாசலில் வரிசையாகத் தொங்கும் கம்பிகளும் வைத்துக் கொடுத்தார். கம்பிகள் உள்பக்கமாக மட்டும் அசையும். வெளியே இருந்து வருகிற புறா நெஞ்சால் தள்ளினால் உள்ளே போய்விடலாம், உள்ளே இருந்து வெளியே வர முடியாது. இந்த ஏற்பாடு ரெங்கசாமிக்கு மிகவும் பிடித்துப்போனது. வீட்டுக்கும் இப்படி ஒரு கதவு வைத்தால் நன்றாயிருக்கும் என்று அன்றிரவு சொன்னார். விதுஷா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மூன்று கிழமை குஞ்சுகளை உள்ளே வைத்து இடத்தைப் பழக்கிவிட்டு வெளியே திறந்துவிட வேண்டும் என்பது ஹுமைத் நானா சொன்ன கணக்கு. மூன்று கிழமை முடிந்தது. இன்னும் ஒரு கிழமை போகட்டும் என்றார் ரெங்கசாமி. அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை அஷ்டமி. பிறகு வானத்தில் ஒரு பருந்து தெரிந்தது, அது காகம் என்று பக்கத்து வீட்டார் எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. எட்டும் பெருத்து, நடந்தால் அசைந்து அசைந்து நடந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் தம்புள்ளையில் லோட் இறக்கிக்கொண்டிருந்தபோது, விதுஷா சாவியை எடுத்து மூன்று பூட்டையும் திறந்தாள்.

எட்டும் பறந்தன. மாலையில் ஏழு திரும்பின.

ரெங்கசாமி இரண்டு நாள் மகளுடன் பேசவில்லை. "ஏழு வந்துருச்சுல்லப்பா" என்றாள் அவள். "ஒண்ணு வரல" என்றார் அவர், சுவரைப் பார்த்து. ஆனால் ஏழையும் அதன்பிறகு தினமும் திறந்துவிட வேண்டியதாயிற்று, ருசி கண்ட புறாக்கள் கம்பியைப் போட்டு உலுக்கின.

இந்த நேரத்தில்தான் விதுஷாவுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தது. அந்த லயத்திலிருந்து கெம்பஸ் போகும் முதல் பிள்ளை. நிரஞ்சலா கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். ரெங்கசாமி பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். லட்டுப் பெட்டி காலியான பிறகுதான் கடிதத்தை முழுக்க வாசித்தார். வவுனியா என்றிருந்தது.

"பஸ்ஸேறுனா பதுளையிலயே ஒரு கெம்பஸ் இருக்கு. அத விட்டுட்டு எதுக்கு வவுனியா?"

"நம்ம இஷ்டத்துக்குத் தர மாட்டாங்கப்பா. மார்க்ஸுக்குக் கெடைச்ச எடத்துக்குத்தான் போகணும்."

"அப்ப அடுத்த வருஷம் எழுது."

"இதே ரெண்டாவது தடவ எழுதுனதுப்பா."

வாக்குவாதம் ஒரு கிழமை ஓடியது. ஒரு நாள் இரவு சாப்பாட்டில் ரெங்கசாமி தன் கடைசித் துருப்பை எடுத்தார். "நா தெனமும் ரோட்டுல போறவன். தம்புள்ளயே அவ்வளவு தூரம். அதுக்கு மேல அநுராதபுரம் தாண்டி வவுனியா. அங்க போன எதுவும் அன்னிக்கே வீடு வந்து சேராது, பாப்பா."

"புறா வரும்."

அந்த வருடம், ஹுமைத் நானா அவரைச் சேர்த்துவிட்டிருந்த புறாப் பந்தயக் கிளப்பின் முதல் ஓட்டம் வவுனியாவிலிருந்துதான் என்பது ரெங்கசாமிக்கும் தெரியும், அந்த அறிவித்தல் அவர் போனிலேயே இருந்தது. ஆனாலும் அவர் சிரித்தார்.

"நம்ம கூட்டுப் புறாவா? அதுங்க லயத்த ரெண்டு சுத்து சுத்துனாலே மூச்சு வாங்குது. சரி. ஒண்ணாவது அன்னிக்குப் பொழுது சாயிறதுக்குள்ள வவுனியாவுலேருந்து வந்துச்சுன்னா, நீயும் போ."

"சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சொல்றீங்க" என்றாள் நிரஞ்சலா. "பேச்சு மாறக்கூடாது."

கை சோற்றில்தான் இருந்தது. அதை எடுக்கவும் முடியாமல் பிசையவும் முடியாமல் ரெங்கசாமி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வேறு எங்கே நின்று சொல்லியிருந்தாலும் மாற்றிச் சொல்லலாம். சோற்றில் கைவைத்துச் சொன்னதை அந்த வீட்டில் யாரும் மாற்றியதில்லை.

பயிற்சி தொடங்கியது. ரெங்கசாமி கூடையை லொறியில் வைத்துக் கொண்டுபோய், முதலில் பதுளைக்கு அந்தப் பக்கம், பிறகு மஹியங்கனை, பிறகு தம்புள்ளை என்று தூரத்தைக் கூட்டிக் கூட்டித் திறந்துவிட்டார். வீட்டில் நிரஞ்சலா நேரம் பார்த்துச் சொல்வாள். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் "சாப்ட்டீங்களா" என்பதற்கு மேல் போனில் பேசியறியாத இருவரும், இப்போது ஒரு நாளைக்கு ஐந்து தடவை பேசினார்கள். ஏழில் கெட்டிக்காரி ஒரு சாம்பல் நிறப் பெட்டை. எப்போதும் அதுதான் முதலில் வரும்.

அது சீக்கிரம் வந்த நாளில் ரெங்கசாமிக்குச் சோறு இறங்காது. பிந்தி வந்த நாளிலும் இறங்காது. வந்தால் மகள் போய்விடுவாள், வராவிட்டால் சாம்பல் பெட்டை போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் இரண்டு மாதத்தில் நாலு கிலோ இளைத்தார். புறாவுக்குப் பயிற்சி கொடுத்து டிரைவர் மெலிந்துவிட்டார் என்று லயத்தில் சிரித்தார்கள்.

பந்தயம் சனிக்கிழமை. அடுத்து வரும் புதன்கிழமைக்குள் விதுஷா பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும். வெள்ளி மத்தியானம் சாம்பல் பெட்டையைப் பதுளையில் கொடுத்துவிட்டு வந்தார். கிளப்புக்காரர்கள் அதன் காலில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, அதற்குள் ஓர் எண்ணை மறைத்து ஒட்டியிருந்தார்கள். புறா கூட்டுக்குள் வந்த பிறகு பிடித்து, ஒட்டியதைச் சுரண்டி, எண்ணைப் போனில் அனுப்ப வேண்டும். அனுப்பிய நேரம்தான் வந்த நேரம். மாலை ஆறு மணியோடு கணக்கு மூடிவிடும்.

அன்று மாலை நடு லயத்துக் கருப்பம்மா வந்தாள். மேல்பிரிவில் கல்யாணம், சடங்கு, திருஷ்டி, தோஷம் எதுவானாலும் அவள் வாயிலிருந்துதான் தீர்ப்பு வரவேண்டும். புறாக்கூட்டைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னா தம்பி, மாளிகையால்ல கட்டி வச்சிருக்க. நம்ம காம்பராவுல கூட இவ்வளவு காத்தோட்டம் இல்லையே."

அவள் போனதும் ரெங்கசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் பட்டுவிட்டது. பட்டது சாதாரணக் கண்ணும் இல்லை. நாளை பறந்து வரப்போகிற புறாவை நினைத்தார். புதுக் கட்டடத்துக்குத் திருஷ்டி கழிக்க எதையாவது கட்டுவது எல்லோரும் செய்வதுதான், இத்தனை நாள் அதை மறந்திருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். நிரஞ்சலாவின் பழைய கரிச்சட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, சுண்ணாம்பால் முகம் வரைந்தார். தட்டு அளவுக்கு இரண்டு கண்கள். பல்வரிசை. லொறிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் தொங்கும் நாக்கு. அதைக் கூட்டின் வாசலுக்கு நேர் மேலே, புறா வந்து இறங்கும் பலகையைப் பார்க்கும்படியாகக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். கூட்டிலிருந்த மற்றப் புறாக்களை அதற்கு முன்பே உள்ளே அடைத்தாயிற்று, அவற்றிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வவுனியாவில் புறாக்களைத் திறந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. ரெங்கசாமி லொறிக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு முக்காலி போட்டுக் கூட்டருகே உட்கார்ந்தார். விதுஷா காம்பராவின் பின்வாசலில் நின்றாள். இருவரும் ஒரே வானத்தைப் பார்த்தார்கள். பத்தரைக்கு ஹுமைத் நானா கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்டு வந்துட்டு. ஒங்களுக்கு?"

"இன்னும் இல்லீங்க நானா." அந்தக் குரலில் கவலை எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தேயிலைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. சிறகை மடித்துக்கொண்டு நேராக வந்தது. சாம்பல் பெட்டை. ரெங்கசாமி முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அந்த ஒரு நொடி அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து தன் கூட்டைத் தேடி வரும் அந்தச் சின்ன உயிரை மட்டுமே பார்த்தார்.

புறா பலகைக்கு மேலே வந்தது. கால்களை நீட்டியது. கரிச்சட்டியைப் பார்த்தது. படபடவென்று சிறகடித்து மேலே கிளம்பி, லயத்துக் கூரையில் போய் உட்கார்ந்துவிட்டது.

நிரஞ்சலா பாசிப்பயறு டின்னைக் குலுக்கினாள். புறா திரும்பிப் பார்த்தது. மறுபடி இறங்கியது, மறுபடி சட்டியைக் கண்டு கூரைக்கே ஓடியது. மூன்றாவது தடவை கீழே வரவேயில்லை.

"அப்பா, அந்த மூஞ்சியப் பாத்துத்தான் பயப்படுது. அதக் கழட்டுங்க" என்றாள் விதுஷா.

"கட்டுன திருஷ்டிய மூணு நாளைக்குக் கழட்டக்கூடாது."

"வவுனியாவுலேருந்து வந்துருச்சு. நீங்க சொன்னது வந்தாப் போதும்னுதான்."

"கூட்டுக்குள்ள போனாத்தான் வந்த கணக்கு. கிளப்பு ரூல்." முப்பது வருடத்தில் ஒரு தடவையும் பாரம் நிறுக்கிற இடத்தில் விதியைப் பற்றிக் கேட்டறியாத மனிதர், அன்று வக்கீல் போலப் பேசினார்.

விதுஷா அவரையே பார்த்தாள். "வேணும்னுதானே கட்டுனீங்க."

"இல்ல பாப்பா. சத்தியமா இல்ல." சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், அது உண்மைதானா என்று தன்னையே கேட்டார். கருப்பம்மாவின் கண்ணுக்குப் பயந்து கட்டினார் என்பது உண்மை. புறா மிரளும் என்று அப்போது தோன்றவில்லை என்பதும் உண்மை. ஆனால் புறா மிரண்டு கூரைக்குப் பறந்தபோது, நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில் ஏதோ ஒன்று ஆறுதலாக மூச்சு விட்டதே, அதற்கு என்ன பெயர் சொல்வது?

விதுஷா தானே கழற்றப் போனாள். நிரஞ்சலா தடுத்தாள். சாங்கிய விஷயம் என்பதால் கருப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். கருப்பம்மாவுடன் பாதி லயம் வந்துவிட்டது. ரெங்கசாமி தன் மூன்று நாள் கணக்கைச் சொன்னார்.

"அப்படி ஒரு கணக்கு நா கேள்விப்பட்டதில்லையே தம்பி" என்றாள் கருப்பம்மா. "எப்ப வேணும்னாலும் கழட்டலாம். ஆனா கட்டுன கைதான் கழட்டணும். வேற ஆளு தொட்டா தோஷம் அவங்களுக்குப் போயிரும்."

எல்லோரும் ரெங்கசாமியின் கையைப் பார்த்தார்கள். அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வேடிக்கை பார்த்தவர்கள் சமையலைப் பார்க்கப் போனார்கள். விதுஷா காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புறா கூரையிலேயே இருந்தது. தகரம் கொதிக்கும் வெயில். வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, ஒரு பக்கச் சிறகு தொங்கியது. வவுனியாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்காது. கூட்டுக்குள்ளே தண்ணீர் இருந்தது, அதன் ஜோடி அங்கிருந்து கூவிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கூரைப் பக்கம் நீட்டிப் பார்த்தார். அது அவரைப் பார்த்தே விலகி உட்கார்ந்தது.

மூன்றரைக்கு நமுனுகுல மலைப் பக்கமிருந்து பனி இறங்க ஆரம்பித்தது. தேயிலை மலை ஒவ்வொரு வரிசையாக மறைந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கூரையும் மறைந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் புறா எங்கே அடையும், எந்த மரநாய் அதைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நிரஞ்சலா ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"அவ்வளவு தூரத்தத் தாண்டி வந்துருச்சு" என்றாள். "வாசல்லதான் நிக்குது."

ரெங்கசாமி கூரையைப் பார்த்தார், பிறகு கூட்டைப் பார்த்தார். தான் வரைந்த முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கண்களுக்கு நடுவே, அவசரத்தில், கொஞ்சம் தன் மூக்கைப் போலவே வரைந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்த உயிரை வாசலில் நிறுத்தி வைத்திருப்பது தூரம் இல்லை, தான்தான்.

குடிக்காத கோப்பையை நிரஞ்சலாவிடம் கொடுத்தார். ஏணியை எடுத்துவந்து சாத்தி ஏறினார். எதையும் இறுக்கிக் கட்டியே பழகியவருக்கு அவிழ்க்க வரவில்லை. கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தார். உதட்டில் கீறி இரத்தம் வந்தது. நிரஞ்சலா குறடு கொண்டுவரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையாட்டினார். ஒருவழியாகச் சட்டி கையோடு வந்தது. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். லயத்தின் முன்பக்கம் போய், புறாவின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மூஞ்சியை மண்ணைப் பார்க்க வைத்தார்.

திரும்பி வருவதற்குள் உள்ளே கம்பிகள் கலகலத்தன.

சாம்பல் பெட்டை தண்ணீர்த் தொட்டிக்குள் அலகை விட்டது விட்டபடி குடித்துக்கொண்டிருந்தது. ரெங்கசாமி அது குடித்து முடியும் வரை காத்திருந்தார். பந்தயத்தில் ஒவ்வொரு நொடிக்கும் மதிப்பு என்று ஹுமைத் நானா சொல்லியிருந்தார், அது அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. குடித்து முடித்ததும் மெதுவாகப் பிடித்தார். கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் வளையத்தை உருவியெடுத்துக்கொண்டு காம்பராக் கதவைத் தட்டினார்.

விதுஷா திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவர் வளையத்தையும் தன் போனையும் நீட்டினார்.

"எனக்கு நம்பர் கண்ணுக்குத் தெரியல. நீயே சுரண்டி அனுப்பு."

அவருடைய கண் ஒன்றும் மோசமில்லை, இரவில் மஹியங்கனை வளைவுகளில் முயலைக் கண்டு பிரேக் அடிக்கிற கண். விதுஷா போனின் மூன்று உறைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, நகத்தால் சுரண்டி, எண்ணை அடித்து அனுப்பினாள். நாலு மணி ஏழு நிமிடம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"எழுபத்தொன்னாவது எடம்ப்பா."

"மொத்தம் எத்தன?"

"எழுபத்திரெண்டு."

நிரஞ்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெங்கசாமியும் சிரிக்கப் பார்த்தார். உதட்டுக் காயம் எரிந்தது. விதுஷா போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ரெங்கசாமி கதவு நிலையில் பெயின்ட் உரிந்த இடத்தை நகத்தால் தேய்த்தார். நன்றாகத் தேய்த்தார்.

"வவுனியாவுல தண்ணி உப்புச் சவராம்" என்றார். "கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், பாப்பா."